சுங்கை சிப்புட்டில் மின்தொழில் பயிற்சி மையம்: எந்த வழி கட்டுப்படியாகும்?

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்த, முடிக்காத பையன்களுக்கு என்ன செய்யலாம் என்று பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எந்தச் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தாலும், "ஒரு வயரிங் கிளாஸ் தொடங்குவோமே" என்று யாராவது சொல்வார். நல்ல யோசனைதான். எந்த மாதிரி கிளாஸ் என்று முடிவெடுக்காமல் கடைவீட்டுக்கு முன்பணம் கட்டினால்தான் சிக்கல்.

முதலில், பையன் கையில் என்ன சான்றிதழ் கொடுக்கப் போகிறோம்? மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம், திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே தருவது. 2006 தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. வயர்மேன் (வயரிங் செய்பவர்), சார்ஜ்மேன் (மின் அமைப்பை இயக்கிப் பராமரிப்பவர்) தகுதிச் சான்றிதழைத் தருவது எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா. இது 1990 மின்விநியோகச் சட்டத்தையும் 1994 விதிமுறைகளையும் சார்ந்தது. எஸ்கேஎம் வைத்திருப்பவனுக்கு வேலை தெரியும். ஆணையச் சான்றிதழ் வைத்திருப்பவன் கையெழுத்துப் போடலாம். புது வீட்டுக்கு வயரிங் முடிந்ததும் வேலை முடிந்ததற்கான பாரம் ஜி, சோதனைக்கான பாரம் எச் இரண்டிலும் தகுதியுள்ளவர் கையெழுத்து வேண்டும். எஸ்கேஎம் மட்டும் உள்ள பையன் நாள் முழுக்க கேபிள் இழுத்தாலும் கையெழுத்து வேறொருவருடையதுதான், கூலியும் அதற்கேற்பத்தான். சேர்க்கையின்போதே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

முழு அங்கீகாரம் பெற்ற மையம் வைப்பதைத்தான் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள். ஜேபிகே அங்கீகாரம் கிடைத்தால் மாணவர்கள் அரசின் திறன் பயிற்சி நிதியான பிதிபிகே தரும் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத்துக் குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம். எஸ்பிஎம் தேறாதவனும் சேரலாம். ஆனால் செலவு வாடகையோடு நிற்காது. ஒவ்வொரு பையனுக்கும் வயரிங் பழக பலகைத் தடுப்பு, மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிபி பாக்ஸ், கேபிள் செல்லும் குழாயான கொண்டூயிட் வேண்டும். மூன்று பேஸ் சொல்லித்தர, மோட்டாரைத் தொடக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரோடு மோட்டாரும் வேண்டும். கேபிள் ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். அடுத்த அணிக்குப் புதுச் சுருள் வாங்க வேண்டும். தொடக்க பட்ஜெட்டில் பெரும்பாலும் எழுத மறப்பது இதைத்தான். அதைவிடக் கஷ்டம் ஆசிரியர். திறன் சான்றிதழும் பயிற்றுநர் சான்றிதழும் வேண்டும், கையில் வேலையும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரை எந்த ஆலையும் நல்ல சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும். நாம் கொடுக்கிற வெள்ளிக்கு அவர் ஏன் வரவேண்டும்?

ஆணையத்தின் தேர்வுக்கு மட்டும் தயார் செய்யும் மையத்தின் பலன் நேரடியானது. ஒற்றை பேஸ் வயர்மேன், மூன்று பேஸ் வயர்மேன், சோதனை செய்யும் அனுமதி, அப்புறம் சார்ஜ்மேன்: ஏ வரிசை குறைந்த அழுத்தத்துக்கு, பி வரிசை உயர் அழுத்தத்துக்கு. ஆனால் இது ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கே பொருந்தும். மெக்கர் எனும் சோதனைக் கருவி வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷன் பார்த்து, ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் எந்த சர்க்யூட்டில் கோளாறு என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடத் தெரிய வேண்டும். மின்கசிவு வந்தால் இணைப்பை வெட்டும் ஆர்சிசிபி, வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் ஏன், பிளக் பாயிண்டுக்கு 30 ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும். பதினேழு வயதுப் பையனை நேராக இதில் தள்ளினால் மனப்பாடம் செய்துவிட்டு வருவான்.

என் ஓட்டு எஸ்எல்டிஎன் எனும் இரட்டைப் பயிற்சி முறைக்குத்தான். 2005-இல் வந்தது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில், மீதி வகுப்பில், முடிவில் எஸ்கேஎம். தோட்டத்து ஊருக்கு இதில் ஒரு வசதி உண்டு. செம்பனை ஆலைகள் நார், ஓடு எரித்து பாய்லரில் நீராவி எடுத்து, டர்பைன் சுழற்றி, தங்கள் மின்சாரத்தைத் தாங்களே தயாரிக்கின்றன. ஜெனரேட்டர், மெயின் ஸ்விட்ச்போர்டு, வரிசையாக மோட்டார்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் கான்டாக்டரின் முனைகள் கருகிப்போய் ஒரு கன்வேயர் நின்றுவிட்டால் பையன் சார்ஜ்மேன் பக்கத்தில் நின்று பார்ப்பான். இத்தனையையும் கடைவீட்டில் அமைக்க எந்தச் சங்கத்துக்கும் வசதி கிடையாது.

குறையும் உண்டு. ஆலை மேலாளர் மாறினால் ஒப்பந்தம் ஆட்டம் காணும். வேலை நெருக்கடியில் பையனைக் கூட்டித் துடைக்க விடுவார்கள். யார் மேற்பார்வை, எந்த மாதம் எந்த வேலை என்று எழுதி வாங்காமல் அனுப்பக் கூடாது. வீட்டு வயரிங் கற்க ஒரு மின் குத்தகையாளரையும் (கான்டிராக்டர்) சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதோடு சின்னதாக ஒன்று: நம் ஊரில் இருபது முப்பது வருடம் வயரிங் செய்தும் ஒரு சான்றிதழும் இல்லாத அண்ணன்மார் இருக்கிறார்கள். முன்பே பெற்ற திறனை அங்கீகரிக்கும் பிபிதி முறையில் வகுப்பு இல்லாமலே, செய்த வேலைகளின் ஆவணங்களைத் தொகுத்து அவர்கள் எஸ்கேஎம் எடுக்கலாம். அதற்கு மாலையில் உட்கார்ந்து கோப்பு தயாரிக்க உதவ ஓர் அறையும் மலாய் நன்றாக எழுதுகிற ஒருவரும் போதும். நாளைக்கு பையன்களுக்குச் சொல்லித்தர உள்ளூரிலேயே ஆள் கிடைப்பதும் இப்படித்தான்.

ஈப்போவில் அரசுத் தொழிற்பயிற்சிக் கழகமான ஐஎல்பி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அங்கே கட்டணம் குறைவு, விடுதி உண்டு, பட்டறை நம்மால் வைக்க முடியாத தரம். இடம் கிடைக்கிற பையனைத் தடுக்காமல் அனுப்புங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவுவதும் மையத்தின் வேலைதான். வீட்டுக்குச் சம்பாதித்தாக வேண்டியதால் ஊரைவிட்டு நகர முடியாதவன் எஸ்எல்டிஎன்னுக்கு வரட்டும். அதில் படிக்கும்போதே கையில் கொஞ்சம் அலவன்ஸ் கிடைக்கும்.