புதுப்பேட்டையில் ஒரு வேகக் கார்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

சென்னை வில்லிவாக்கத்தில் எனக்கு கேட், கிரில் பட்டறை. மச்சானுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கார் கட்டிக்கொண்டிருக்கிறோம். இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் வளைந்து வளைந்து ஓடுகிற வகை இல்லை. நேராக விட்டால் எவ்வளவு வேகம் தொடும் என்று பார்ப்பது மட்டும்தான் இதன் வேலை. ஓட்டுகிறவர் கிட்டத்தட்ட மல்லாந்து படுத்திருப்பார், எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கதவு, ஹெட்லைட், பின்சீட்டு எதுவும் கிடையாது. ஜன்னல் கிரில்லுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன அண்ணே, ஐஸ் பெட்டியா?" என்று கேட்கிறார்கள்.

சாமானில் பெரும்பகுதி, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கியது. எழும்பூருக்கும் கூவத்துக்கும் நடுவில் அந்தச் சந்துகளில் அலைந்ததில் எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது: காரை ஓட வைக்கும் சாமானை அங்கே தைரியமாக வாங்கலாம். காரை நிறுத்துகிற, திருப்புகிற, ஓட்டுகிறவரைப் பிடித்துவைக்கிற சாமான் ஒன்றைக்கூட அங்கே வாங்கக்கூடாது. சொந்த வண்டிக்கு சைடு மிரர் தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு கறாராக வேண்டாம்.

காயலான் கடைச் சாமானில் ரேஸ் காரா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1946-ல் பில் பர்க் என்ற அமெரிக்கர், போர் விமானத்தின் அடியில் தொங்கவிடும் உபரி பெட்ரோல் டாங்கை வாங்கி, அதையே உடம்பாக வைத்து கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகையில் கார் ஓட்டினார். அந்த வகைக் கார்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. நியூஸிலாந்தின் பர்ட் மன்ரோ தன் 1920 மாடல் இண்டியன் ஸ்கவுட் பைக்குக்கு பிஸ்டனைக்கூடத் தானே வார்த்துக்கொண்டார். 1967-ல் யூட்டாவின் பான்வில் உப்புத் தரையில் மணிக்கு 184 மைல், அதாவது சுமார் 296 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆயிரம் சிசிக்குட்பட்ட வகுப்பில் சாதனை படைத்தார். இங்கே கோவை கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார் கட்டி ஒரு தலைமுறையையே பந்தயம் ஓட்ட வைத்தார். அதனால் பழைய சாமான் ஒன்றும் அவமானமில்லை.

எஞ்சினிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்களுக்கு வேண்டியது ஆல்டோவின் 796 சிசி, 3 சிலிண்டர் எஞ்சின். ஐம்பது குதிரைசக்திகூட இல்லாததை வைத்து என்ன வேகம் என்று கேட்கலாம். நேர்கோட்டு வேகத்தில் எடையைவிடக் காற்றுதான் எதிரி. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதை வெல்லத் தேவையான குதிரைசக்தி எட்டு மடங்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், காற்றில் முட்டுகிற முகப்பைப் பாதியாகக் குறைத்தால் சின்ன எஞ்சினே நல்ல வேகம் கொடுக்கும். மனிதனைப் படுக்க வைப்பது அதற்காகத்தான்.

நாங்கள் வாங்கிய கடையின் பாய் முதலில் 24,000 சொன்னார், 16,000-க்கு முடிந்தது. விலை குறைந்ததைவிட எனக்குப் பிடித்தது, அவர் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் மாட்டிக் கொடுத்துவிட்டு, "உங்க கேஜை வெச்சு நீங்களே பாருங்க" என்று ஒதுங்கி நின்றதுதான். புதுப்பேட்டையில் எல்லா எஞ்சினும் "பக்கா கண்டிஷன்". அதைக் காதில் வாங்காதீர்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். மூன்று சிலிண்டருக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அடுத்த கடை. கேஜ் மாட்டவிட மாட்டேன் என்று சொன்னாலும் அடுத்த கடை.

எஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், லோயர் ஆர்ம் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டாகக் கேளுங்கள். தனித்தனியாக விற்றால் அவர்களுக்கு லாபம் அதிகம், அதனால் கொஞ்சம் முனகுவார்கள். வயரிங்கும், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவும் அதே வண்டியுடையதாக இருக்க வேண்டும். சாவியில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சிப் உள்ள மாடல் என்றால் அந்தச் சாவியையும் விடாதீர்கள், இல்லையென்றால் நல்ல எஞ்சின் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருக்கும். பில் கட்டாயம். எஞ்சின் நம்பர் உரசியிருந்தால் விலையே கேட்காமல் வந்த வழியே போய்விடுங்கள். ரோட்டில் ஓடாத காருக்கும் இது பொருந்தும்.

முன்சக்கரத்தை எஞ்சின் சுற்றும் வண்டியின் இந்த மொத்த செட்டையும் பின்னால் கொண்டுபோகும்போது, சக்கரத்தைத் திருப்பும் டை ராட் இருந்த இடத்தில் ஒரு இரும்புத் தண்டைப் போட்டு காரின் சட்டத்தோடு பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பின்சக்கரங்கள் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அந்தத் தண்டை மச்சான் லேத்தில் புதிதாகக் கடைந்தான். பழைய டை ராடையே வெட்டி வெல்ட் பண்ணிக்கலாம் என்று ஒரு கடைக்காரர் யோசனை சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் ஓட்டப் போவதில்லை.

ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், மீட்டர், பெடல் செட்டு, ஸ்விட்ச் எல்லாம் குறை சொல்ல முடியாதபடி கிடைத்தன. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

டயர் வேறு கதை. ஒரு கடையில், பெயர் வேண்டாம், கறுப்பு பாலிஷ் போட்டுப் பளபளவென்று அடுக்கி வைத்திருந்தார்கள். விரலால் தடவினால் பட்டனின் பள்ளம் ஓரம் கூர்மையாக இருந்தது. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை மறுபடி வெட்டியிருந்தார்கள். கார் டயரில் அப்படி வெட்டினால் உள்ளே இருக்கும் நூல் அடுக்குக்கு மேல் ரப்பரே மிஞ்சாது. நான் பக்கவாட்டில் தேதியைப் பார்த்தேன். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். அந்த எண் இருக்க வேண்டிய இடத்தைத் தேய்த்து அழித்திருந்தார்கள். "அது வெயில்ல போயிடும் சார்" என்றார் பையன். வெயில் அவ்வளவு பார்த்துப் பார்த்து அழிக்குமா?

எங்களுக்குத் தேதியைவிட முக்கியம் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் வேக எழுத்து. எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வரை, டி 190, ஹெச் 210, வி 240. அதுவும் புது டயருக்கு, சரியான காற்றோடு. எங்கள் இலக்கு எஸ் தாங்குகிற வேகத்துக்கு மேல் இருப்பதால் ஹெச்சுக்குக் கீழே எதையும் யோசிக்கவில்லை. புது டயர், பில்லோடு, ஷோரூமில் வாங்கியாயிற்று.

பிரேக்கும் ஸ்டியரிங்கும் அதே ரகம். கழற்றிப் போட்ட, பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் எந்த நிலையில் இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஸ்டியரிங் ராக், முன்பக்கம் மோதிய வண்டியிலிருந்து வந்ததா என்று யாரும் சொல்லப் போவதில்லை. இவற்றை ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்கினோம். சீட் பெல்ட்டைத் தொடவே வேண்டாம். ஒருமுறை மோதலில் இழுபட்ட பெல்ட் அடுத்த முறை அதே மாதிரி பிடிக்காது. பந்தயத்துக்கான பெல்ட்டில் காலாவதி வருடத்தையே லேபிளில் தைத்திருப்பார்கள்.

போல்ட்டு நட்டு கிலோ கணக்கில் கொட்டிக் கிடக்கும், ஆசையாக இருக்கும். தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் இருப்பதை மட்டும் பொறுக்கலாம். எண் இல்லாதது என் கேட்டுகளுக்குப் போதும், சஸ்பென்ஷனுக்கு ஆகாது.

சட்டத்துக்கான குழாய் புதுப்பேட்டை விஷயமே இல்லை, பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு எச்சரிக்கை. "ஒன்றரை இஞ்ச் பைப்" என்று கேட்டால் தண்ணீர் பைப்பை எடுத்துப் போடுவார்கள். அதன் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர், நீளத்துக்கும் தையல் ஓடும். உலக மோட்டார் அமைப்பான எஃப்.ஐ.ஏ., கார் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் கேஜ் கூண்டின் முக்கிய வளையத்துக்குக் கேட்பது 45 மில்லிமீட்டர் விட்டத்தில் 2.5 மில்லிமீட்டர் கனம், அல்லது 50-க்கு 2. அதுவும் கோல்ட் டிரான் சீம்லெஸ், அதாவது தையல் இல்லாமல் குளிர்ந்த நிலையில் இழுத்த குழாய். டெஸ்ட் சர்டிஃபிகேட் கேட்டு, அதிலுள்ள ஹீட் நம்பர், அதாவது உருக்கிய தொகுதியின் எண், குழாயில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த கடையில் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை மலிவு என்று வாங்கி வெல்ட் பண்ணினால் அந்த வெள்ளைப் புகைக்கு ராத்திரி குளிர் ஜுரம் வரும். கிரில் பட்டறைக்காரன் சொல்கிறேன், நம்புங்கள்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு எதற்குப் புதுப்பேட்டைக்கு ஐந்துக்கு நான்கு மார்க் கொடுக்கிறேன் என்றால், அங்கே இருக்கும் ஒரு டிங்கருக்காக. கடை என்று சொல்ல ஒன்றுமில்லை. மேலே ஒரு தார்ப்பாய், கீழே ஒரு மரக்கட்டை, ஒரு மணல் மூட்டை, விதவிதமான சுத்தியல். அறுபது தாண்டிய பெரியவர். காரின் மூக்கை 1.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் செய்ய வேண்டும். நான் பேப்பரில் வரைந்து கொண்டுபோனேன். அதைப் பார்க்கவே இல்லை. "ஆள் எங்க படுப்பாரு, கால் எங்க வரும்?" என்று கேட்டு, என்னையே தரையில் படுக்கச் சொல்லி சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டார்.

அலுமினியம் அடிக்க அடிக்க விறைத்துக்கொண்டு வெடிக்கும். அதை இளக்க வேண்டும், ஆனால் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது, திடீரென்று உருகி ஓட்டை விழும். பெரியவர் தகட்டின் மேல் துணி சோப்பைத் தேய்த்துவிட்டு கேஸ் டார்ச்சை ஓட்டுகிறார். சோப்பு பழுப்பாகிக் கறுக்கும் கணத்தில் நெருப்பை எடுத்துவிடுகிறார். அவ்வளவுதான் தெர்மாமீட்டர். அப்புறம் மணல் மூட்டையில் வைத்து மர சுத்தியலால் குழி அடிப்பார், பிறகு இரும்பு உருளையில் சமன்படுத்துவார், விறைத்ததும் மறுபடி சோப்பு. நான் வருடக்கணக்காக வெல்டிங் செய்கிறேன், அலுமினியத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் உதறும். அவர் பேசிக்கொண்டே செய்கிறார்.

இடது, வலது இரண்டு பாதியும் தனித்தனியாக அடித்தவை. மச்சான் அட்டையில் அச்சு வெட்டி இரண்டையும் ஒப்பிட்டான். ஓர் இடத்தில்தான் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. காட்டியதும் பெரியவருக்குக் கோபம், எங்கள் மேல் இல்லை, தகட்டின் மேல். சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. கூலி 9,000, பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. வேலை சொன்ன தேதிக்கு முடியாது என்பது மட்டும் குறை. நாளைக்கு என்றால் அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. தவிர, நின்ற வண்டியின் வீல் கப்பை நீங்களே மறுபடி விலைக்கு வாங்கும்படி ஆகும் என்பது ஊரறிந்த ஜோக். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். வெர்னியர் காலிப்பர், காந்தம், டார்ச் லைட் மூன்றும் பையில் இருக்கட்டும். அலுமினியம் என்று சொல்லித் தரும் பிராக்கெட்டில் காந்தம் ஒட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, காரைக் கட்டி ஈ.சி.ஆரிலோ அவுட்டர் ரிங் ரோட்டிலோ விட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் என்னிடம் கடை விலாசம் கேட்க வேண்டாம்.

வால் பகுதி இன்னும் பாக்கி. மூக்கைவிட அதுதான் முக்கியம், காற்று பின்னால் சுழன்று இழுப்பது அங்கேதான். பெரியவர் ஆயுத பூஜை வரைக்கும் கை காலி இல்லை என்கிறார். அதற்குள் சீட் பெல்ட்டுக்குக் காசு சேர்க்க வேண்டும். மாதவரத்தில் ஒரு வீட்டு கேட் ஆர்டர் வந்திருக்கிறது.