அடைக்கோழியா, இன்குபேட்டரா: 21 நாளுக்குப் பிறகான கணக்கு

சென்னை அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால் கிரவுண்டு இடத்தில் நான்கு ஆண்டுகளாகச் சிறுவிடை என்னும் சிறிய உடல்வாகு கொண்ட நாட்டுக்கோழிகளை வளர்த்து வருகிறேன். இதுவரை ஆறு முறை கோழியை அடை வைத்திருக்கிறேன். மூன்று முறை, முட்டையைச் செயற்கைச் சூட்டில் பொரிக்கும் இன்குபேட்டரில் முட்டை வைத்திருக்கிறேன். அந்த இயந்திரம் இப்போது பரணில் இருக்கிறது என்பதிலிருந்தே என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஆனாலும் அதை விற்றுவிடவில்லை. அதற்கும் காரணம் உண்டு.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் குஞ்சு பொரிய 21 நாள்தான் ஆகும். சிறுவிடைப் பெட்டையின் அடியில் 10 முதல் 12 முட்டைகள் வரை அடங்கும். இயந்திரத்தில் அதன் அளவைப் பொறுத்து எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். கோழி தனக்குத் தோன்றும்போதுதான் அடையில் உட்காரும்; இயந்திரம் சுவிட்சைப் போட்டவுடன் தயாராகிவிடும். லெகார்ன் போன்ற முட்டைக்கோழிகளில் அடை கிடக்கும் குணத்தை இனத்தேர்வின் மூலம் பெரும்பாலும் ஒழித்துவிட்டார்கள் என்பதால், அவற்றை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இயந்திரத்தைத் தவிர வேறு வழியில்லை.

இன்குபேட்டர் கேட்பது மூன்று விஷயங்களை. காற்றாடி உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும், ஈரப்பதம் முதல் 18 நாட்களுக்கு 50 சதவீதத்தை ஒட்டியும் கடைசி மூன்று நாட்களில் 65-க்கு மேலும் இருக்க வேண்டும், 18ஆம் நாள் வரை முட்டைகளைத் தினமும் பல முறை திருப்பிவிட வேண்டும். மலிவான பெட்டிகளில் வரும் வெப்பமானி ஒரு டிகிரி வரை பொய் சொல்லும். நான் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துச் சரிபார்த்தேன், 37.5 டிகிரி அதன் அளவெல்லைக்குள்ளேயே வருவதால் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. ஈரப்பதத்தில் சென்னைக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கையேட்டில் சொல்லியிருக்கிறது என்று முதல் நாளே தண்ணீர்த் தட்டை நிரப்பிவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்று 28 டிகிரியிலும் 85 சதவீத ஈரத்திலும் இருக்கும்போது, அதே காற்றைப் பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் தானாகவே ஏறத்தாழ 50 சதவீதத்தில் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தண்ணீர் வைத்தால் முட்டையிலிருந்து போக வேண்டிய நீர் போகாது. ஓட்டுக்குள் காற்றறை போதிய அளவு விரியாமல், முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டை உடைக்க முடியாமல் உள்ளேயே இறந்துபோகும். என் முதல் முயற்சியில் 30 முட்டைகளில் ஒன்பது அப்படித்தான் போயின.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதந்தோறும் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தும் மின்தடையை வீட்டு இன்வெர்ட்டர் சமாளித்துவிடும். கோழியே தினமும் கால்மணி நேரம் எழுந்து போய்த்தான் வருகிறது என்பதால் சிறிது நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நான் இரண்டாவது முறை இயந்திரத்தில் வைத்த முட்டைகள் 13ஆம் நாளில் இருந்தன. இன்வெர்ட்டர் ஒன்பது மணி நேரத்தில் தீர்ந்துபோனது. அதன் பிறகு கம்பளியைச் சுற்றி, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை உள்ளே மாற்றி மாற்றி வைத்து ஓர் இரவைக் கழித்தேன். 30 முட்டைகளில் 11 பொரிந்தன, அவையும் இரண்டு நாள் தாமதமாக.

இத்தனைக்கும் இதை நான் இயந்திரத்தின் பெரிய குறையாகக் கருதவில்லை, ஏனென்றால் அப்படிப்பட்ட புயல் ஆண்டுதோறும் வருவதில்லை. எனக்கு முடிவை எடுத்துக் கொடுத்தது அந்த 11 குஞ்சுகளும் பொரிந்த பிறகு வந்த ஐந்து வாரங்கள்தான்.

இயந்திரத்தின் வேலை 21ஆம் நாளோடு முடிந்துவிடுகிறது. நம்முடைய வேலை அன்றுதான் தொடங்குகிறது. குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அட்டைப் பெட்டியில் உமி பரப்பி மேலே பல்பைத் தொங்கவிடுவது என்று சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் மூன்று கடைகளில் கேட்டும் பழைய குண்டு பல்பு கிடைக்கவில்லை. எல்லா இடத்திலும் எல்இடிதான்; அது வெளிச்சம் தரும், சூடு தராது. கடைசியில் பக்கத்து ஊரான பாடியில் ஒரு பழைய எலக்ட்ரிக்கல் கடையில் 60 வாட் பல்புகள் நான்கு கிடைத்தன. மார்கழிக் குளிரில் குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் சூடு போதவில்லை என்று பொருள். பெட்டியின் ஓரங்களுக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். இதைப் பார்த்துப் பார்த்து இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து பல்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தட்டில் விழுந்து மூழ்காமல் இருக்கக் கூழாங்கல் போட வேண்டும். செய்தித்தாளை விரித்தால் கால் வழுக்கி விரிந்துவிடும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும். பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்ட குஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட வேண்டும். “கோழி தூங்கிக்கிட்டே செய்யிற வேலைய நீ ராத்திரியெல்லாம் முழிச்சுச் செய்யிறியேடா” என்றார் அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

செலவுக் கணக்கிலும் இதே கதைதான். 50 முட்டைப் பெட்டி சராசரியாக 40 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால் 21 நாளுக்குச் சுமார் 20 யூனிட் ஆகிறது. அதன் பிறகு 60 வாட் பல்பு மூன்று வாரம் இரவும் பகலும் எரிந்தால் 30 யூனிட். பொரிக்க வைத்ததைவிட வளர்த்ததற்கே மின்சாரம் அதிகம் செலவாகிறது. இயந்திரம் வாங்கும்போது இந்தப் பாதியை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

அடைக்கோழி இந்த ஐந்து வாரங்களையும் தானே பார்த்துக்கொள்கிறது. நான் செய்வதெல்லாம் மூங்கில் கூடையில் மணலும் தவிடும் போட்டு, பென்சிலால் குறியிட்ட முட்டைகளை இருட்டிய பிறகு கோழிக்கு அடியில் வைப்பதுதான். குறியிடாவிட்டால் மற்ற கோழிகள் வந்து அதே கூடையில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்; எது பழையது எது புதியது என்றே தெரியாது. இடிக்கு முட்டை கெடாமலிருக்க அம்மா கூடைக்குள் ஓர் இரும்பு ஆணியையும் கரித்துண்டையும் போடுவார். பயன் இருக்கிறதோ இல்லையோ, நான் எடுத்துப் போடுவதில்லை. ஏழாம் நாள் இரவில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்த்து, சிலந்திக் கால்கள் போல நரம்பு ஓடாத கூமுட்டைகளை எடுத்துவிடுவேன். பொரிந்த பிறகு பஞ்சாரம் என்ற கவிழ்த்த மூங்கில் கூடைக்குள் நொய்யும் தண்ணீரும் வைத்தால் போதும். ஒரு வாரத்தில் தாயே குஞ்சுகளை வெளியே அழைத்துக்கொண்டு போய், இலைச் சருகைக் கிளறிக் காட்டி, தின்னத் தக்கதை அலகால் தட்டித் தட்டி அழைத்துக் கொடுக்கிறது. வானத்தில் பருந்தின் நிழல் தெரிந்தால் அது எழுப்பும் ஒற்றைக் குரலுக்குக் குஞ்சுகள் அத்தனையும் செம்பருத்திச் செடிக்கு அடியில் போய் அசையாமல் ஒண்டிக்கொள்கின்றன. ஐந்து வாரம் பெட்டியில் வளர்ந்த என் இயந்திரக் குஞ்சுகளை வெளியே விட்டபோது, காக்கை வந்து மதிலில் உட்கார்ந்ததை அவை தலையைச் சாய்த்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றன. முதல் வாரத்திலேயே இரண்டு போயின, ஒன்று காக்கைக்கு, ஒன்று பூனைக்கு. இது ஒரே ஒரு முறையின் அனுபவம் என்பதையும், மேலே வலை போட்ட கூண்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த இழப்பு நேராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கோழியிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். உடல் பெரிய பெருவிடைப் பெட்டையின் எடைக்கு அந்தப் பழமொழி செல்லாது, என் கண் முன்னாலேயே பொரிந்த அன்று ஒரு குஞ்சு நசுங்கியது. மூன்று வாரம் அசையாமல் கிடக்கும் கோழியின் உடம்பில் செள் என்னும் பேன் போன்ற பூச்சி பெருகினால் அது எரிச்சல் தாங்காமல் முட்டையை விட்டு எழுந்துவிடும் என்பதால், கூடையில் சாம்பலும் வேப்பிலையும் போட்டு வைக்கிறேன். இவற்றைவிடப் பெரிய இழப்பு முட்டைதான். அடை கிடக்கும் மூன்று வாரமும் குஞ்சுகளோடு திரியும் இரண்டு மாதமும் அந்தப் பெட்டை முட்டையிடாது. பத்துக்கு மேற்பட்ட பெட்டைகளை வைத்து முட்டை விற்பவர்களுக்கும், ஒரே வயதில் ஐம்பது குஞ்சுகள் கேட்டு ஆள் வந்து நிற்கும் இடங்களுக்கும் இந்தக் கணக்கு இயந்திரத்தின் பக்கம்தான் சாயும். வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழிநோய் வராமலிருக்க முதல் வாரத்தில் போட வேண்டிய கண் சொட்டு மருந்து இரண்டுக்கும் பொதுவானது. தாய்க்கோழி கூடவே இருந்தால் கையில் கொத்து வாங்கிக்கொண்டு போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வாத்து முட்டையைக் கோழிக்கு அடியில் 28 நாள் வைத்துப் பொரிக்கிறவர்களும் உண்டு. நான் அதை முயன்றதில்லை.

இயந்திரத்தை விற்காமல் வைத்திருப்பதற்கான காரணம் இதுதான். கோழி அடையில் உட்கார்ந்த அதே நாளில் பெட்டியிலும் முட்டைகளை வைத்து, பொரிந்த அன்று இரவே பெட்டிக் குஞ்சுகளைத் தாயின் இறக்கைக்கு அடியில் நுழைத்துவிட்டால், காலையில் அது எல்லாவற்றையும் தன் குஞ்சுகளாகவே ஏற்றுக்கொண்டு அழைத்துப் போகிறது. ஒரே ஒரு முறைதான் செய்து பார்த்தேன். ஏழு குஞ்சுகளை நுழைத்ததில் ஆறை ஏற்றுக்கொண்டது. நிறம் வேறாக இருந்த வெள்ளைக் குஞ்சை மட்டும் கொத்தி விரட்டியது. அந்த ஒன்றுக்காக 60 வாட் பல்பை மறுபடியும் தேடி எடுத்தேன்.