பள்ளி மாவட்டத் தலைவர்களுக்கான கற்றல் வலையமைப்பு: சில வருட அனுபவம்

அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்ட (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அலுவலகத்தில் பாடத்திட்டப் பிரிவைக் கவனிக்கிறேன். கல்விச் சமத்துவத்துக்காக மாவட்டத் தலைவர்கள் கூடிக் கற்கும் ஒரு வலையமைப்பில் எங்கள் மாவட்டம் சில வருடங்களாக உறுப்பினர். சந்தா கட்டிச் சேரலாமா என்று மற்ற மாவட்டக்காரர்கள் கேட்பதால் எழுதுகிறேன். சேரலாம். ஆனால் எதற்காகச் சேர்கிறோம் என்று தெரிந்து சேர வேண்டும்.

நாட்டில் ஏறக்குறைய 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம், தனி பட்ஜெட். 2015-ல் வந்த எஸ்ஸா (ESSA) என்ற மத்திய அரசுக் கல்விச் சட்டப்படி தேர்வு முடிவுகளை இனம், குடும்ப வருமானம், மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்கும் நிலை என்று பிரித்து வெளியிட வேண்டும். அதனால் இடைவெளி எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன செய்வது என்று கேட்கத்தான் ஆள் இல்லை. மாவட்டத் தலைவரான சூப்பரின்டெண்டன்ட் தன்னை வேலைக்கு வைத்த வாரியத்திடம் "எனக்கு வழி தெரியவில்லை" என்று சொல்ல முடியாது. தனக்குக் கீழே வேலை செய்பவர்களிடமும் அது சுலபமில்லை. இன்னொரு மாவட்டத்து சூப்பரின்டெண்டன்டிடம் சொல்லலாம். இந்த வலையமைப்புகளின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

பெரிய பேச்சாளர்களின் உரைகள் கேட்க நன்றாக இருக்கும். அதற்காக மட்டும் பயணச் செலவு வேண்டாம்.

எங்களுக்கு உண்மையில் உதவியது கலந்தாய்வு அமர்வு. ஒரு மாவட்டம் தன் பிரச்சினையைச் சில நிமிடங்களில் சொல்லும். மற்றவர்கள் விவரம் மட்டும் கேட்பார்கள். அப்புறம் பிரச்சினையைச் சொன்னவர்கள் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் அதை அலசுவதைக் கேட்டுக் குறிப்பெடுக்கலாம், அவ்வளவுதான். சமாதானம் சொல்ல வழியில்லாதபோது காது நன்றாகவே கேட்கிறது.

நாங்கள் கொண்டுபோனது எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா, தேர்ந்தெடுத்த பிள்ளைகளை மட்டும் சேர்க்கும் உயர்நிலைக் கணித வகுப்பு. அந்த வகுப்பில் கறுப்பின, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகள் மிகக் குறைவு. கூடுதல் பயிற்சி வகுப்புகள் பற்றி விளக்கினோம். பேச்சு எங்கெங்கோ போய்க்கொண்டிருக்க, ஒருவர் கேட்டார்: "பட்டியலில் பெயரை எழுதுவது யார்?" முதலில் ஆசிரியர் பரிந்துரை, பிறகு பெற்றோர் விண்ணப்பம். ஊர் திரும்பியதும் மாநிலத் தேர்வு மதிப்பெண்களையும் வகுப்புப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். போதுமான மதிப்பெண் எடுத்தும் பரிந்துரைக்கப்படாத பிள்ளைகள் வரிசையாகக் கண்ணில் பட்டார்கள்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஃபுளோரிடாவின் பிரவர்ட் கவுண்டியில் 2005-ல், பரிந்துரைக்குக் காத்திராமல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் திறனறி சோதனை வைத்தார்கள். சிறப்புத் திறன் திட்டத்துக்குத் தேர்வான கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் 80 சதவீதமும், ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி வம்சாவளி) பிள்ளைகளின் விகிதம் 130 சதவீதமும் கூடியது. பட்ஜெட் வெட்டில் சோதனையை நிறுத்தியதும் பழைய இடைவெளி திரும்பி வந்துவிட்டது. டெக்சஸ் 2023-ல் சட்டமே போட்டது: ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வருகிறவர்களை ஆறாம் வகுப்பில் தானாகவே உயர்நிலைக் கணிதத்தில் சேர்க்க வேண்டும், வேண்டாமென்றால் பெற்றோர் சொல்லலாம். நாங்களும் அந்த வழிக்கே மாறினோம். முதலில் ஒரே ஒரு பள்ளியில் செய்து பார்த்து, ஆசிரியர்களுக்கு என்ன உதவி தேவை என்று கேட்டுத் திருத்திக்கொண்டு, அப்புறம்தான் மற்ற பள்ளிகளுக்குக் கொண்டுபோனோம்.

குறைகளும் உண்டு. சூப்பரின்டெண்டன்ட் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. புதியவருக்கு ஆர்வம் இல்லாவிட்டால் உறுப்பினர் அட்டை மட்டும்தான் மிஞ்சும். சில மாவட்டங்கள் வெற்றிக் கதையை மட்டும் ஸ்லைடில் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுகின்றன, அவற்றிடமிருந்து கற்க எதுவும் கிடைப்பதில்லை. நிதி கொடுத்த அறக்கட்டளை விலகினால் வலையமைப்பே கலைந்துவிடலாம். சேரும் முன் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

தலைவர் மட்டும் போவதில் பெரிய பயனில்லை. தரவுப் பிரிவில் இருப்பவரையும் ஒரு தலைமையாசிரியரையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். நாங்கள் இந்த முறை சஸ்பென்ஷன் கணக்கை எடுத்துப் போகிறோம். எந்தப் பள்ளியில், எந்த நேரத்தில், யார் கையெழுத்தில் பிள்ளைகள் வெளியே அனுப்பப்படுகிறார்கள் என்ற விவரத்தோடு.