நடுக்கடலில் எது கைகொடுக்கும்: வயர்லெஸ்ஸா, சாட்டிலைட் போனா, டிரான்ஸ்பாண்டரா?

விண்வெளி என்றதும் சந்திரயானும் ககன்யானும்தான் பேச்சில் வரும். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது, செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேச விசைப்படகில் பொருத்துகிற டிரான்ஸ்பாண்டர் என்ற ஒரு சின்னப் பெட்டி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக வலுத்தபோது கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் பல ஏற்கெனவே ஆழ்கடலில் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்தன. எச்சரிக்கை கரையோடு நின்றுபோனது. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், பலர் திரும்பவேயில்லை. அப்படி இன்னொரு முறை நடக்காமலிருக்க இன்று என்னென்ன கருவிகள் இருக்கின்றன, எது மேல் என்று பார்க்கலாம்.

செல்போனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரையிலிருந்து சில கடல் மைல் போனதும் டவர் விட்டுப்போகும்.

மீனவர்கள் வயர்லெஸ் என்று சொல்லும் வி.எச்.எஃப் கருவியின் அலை ஆண்டெனாவுக்கு ஆண்டெனா நேராகப் போவது. பூமியின் வளைவு மறைத்துவிடுவதால் படகுக்குப் படகு பத்துப் பதினைந்து கடல் மைல் கிடைத்தாலே நல்லது. ஆனாலும் அதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஆபத்து அழைப்புக்கான 16-ஆவது சேனலில் ஒருவர் கூப்பிட்டால், எட்டுகிற தூரத்தில் அந்தச் சேனலைத் திறந்து வைத்திருக்கும் எல்லாப் படகுக்கும் கேட்கும். ஆபத்தில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் பக்கத்துப் படகுதான். மாதக் கட்டணமும் கிடையாது. எந்தப் புதுக் கருவி வந்தாலும் இதைக் கழற்றக் கூடாது.

சாட்டிலைட் போனில் வீட்டாரின் குரலையே கேட்கலாம். அந்த ஆறுதலை வேறு எதுவும் தராது. ஆனால் போன் விலை, பேசும் செலவு இரண்டுமே அதிகம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் அதை வைத்திருக்கவும் முடியாது, பி.எஸ்.என்.எல் வழியாக இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் போன் சேவையை முறைப்படி வாங்க வேண்டும். அப்புறம், புயல் வருகிறது என்று சொல்ல, கரையிலிருப்பவர் ஒவ்வொரு படகையும் தனித்தனியாக அழைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆயிரம் படகுகளுக்கு இது நடக்கிற காரியமா?

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவை, இந்தியாவின் சொந்த வழிகாட்டும் செயற்கைக்கோள்களான நாவிக் வழியாகச் செய்தி வாங்கும் ரிசீவரும், 2019-இல் வந்த ஜெமினி என்ற கருவியும். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் அனுப்பும் புயல் எச்சரிக்கையும், மீன் கிடைக்கக்கூடிய இடமும் செயற்கைக்கோள் வழியாகக் கருவிக்கு வந்து, புளூடூத்தில் மீனவரின் போனில் தெரியும். பதில் அனுப்ப மட்டும் வழியில்லை. எச்சரிக்கையைப் பார்த்தார்களா, எஞ்சின் ஓடுகிறதா என்பது கரைக்குத் தெரியாது.

டாட் என்ற ஆபத்து அறிவிப்புக் கருவி இதற்கு நேர்மாறு. தீ, படகு மூழ்குதல், ஆள் தவறி விழுதல், மருத்துவ உதவி என்று என்ன ஆபத்து என்பதற்கேற்ப பொத்தானை அழுத்தினால், படகு இருக்கும் இடத்தோடு செய்தி கடலோரக் காவல்படைக்குப் போகும். பழைய டாட்டில், போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவருக்குத் தெரியாது. இருட்டில், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் படகில் அந்தச் சந்தேகத்தோடு காத்திருப்பது எவ்வளவு கொடுமை! 2024 ஜனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறை டாட் ‘கிடைத்துவிட்டது’ என்று பதில் தருகிறது.

இப்போது டிரான்ஸ்பாண்டர். ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாக, கரையும் படகும் இருபுறமும் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். இதற்கான நபமித்ரா என்ற போன் செயலியில் சொந்த மொழியிலேயே எழுதலாம். கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். ராமேஸ்வரம் மீனவர்களுக்கு இதுவே பெரிய உதவி. 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கினார்கள். கேட்கவும் சொல்லவும் ஒரே கருவியில் வழியிருப்பதால் என் ஓட்டு இதற்குத்தான்.

மீனவர்களின் தயக்கத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மீன்பாடு உள்ள இடத்தை அறிந்துவைத்திருப்பதுதான் அவர்களுடைய மூலதனம். டிரான்ஸ்பாண்டர் இருந்தால் படகு எங்கே நிற்கிறது என்று எந்நேரமும் யாரோ பார்க்கலாம் என்றால் கவலை வரத்தான் செய்யும். அந்தத் தகவலை மீட்புக்கும் பாதுகாப்புக்கும் தவிர வேறெதற்கும் எடுக்க மாட்டோம் என்று அரசு எழுத்தில் தர வேண்டும்.

தூரமும் ஒரு சிக்கல். இந்தத் திட்டம் 200 கடல் மைல் வரையுள்ள, மீன்வளத்தில் நமக்கே உரிமையுள்ள நம் பொருளாதார மண்டலத்தை மனதில் வைத்தது. தூத்தூர்ப் படகுகள் அதையும் தாண்டிப் போகும். அவர்களுக்கு டிரான்ஸ்பாண்டரோடு சாட்டிலைட் போனும் வேண்டும், அதற்கான அனுமதியை எளிதாக்க வேண்டும். கரையோரமாகத் தொழில் செய்யும் நாட்டுப்படகுக்கு வயர்லெஸ்ஸும் புது டாட்டும் போதும் என்று நினைக்கிறேன்.

எதை வாங்கினாலும் படகோட்டுபவருக்கு மட்டும் பழக்கிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அவரே கடலில் விழுந்தால் பொத்தானை அழுத்த இன்னும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆழ்கடல் படகுகளில் இன்று வேறு மாநிலத் தொழிலாளர்களும் வேலை பார்க்கிறார்கள். செயல்விளக்கம் அவர்கள் மொழியிலும் நடக்க வேண்டும்.