பானெட் சூடாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்

பழைய கார் வாங்கக் கிளம்புகிறவர்கள் ஐந்து நிமிடம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் ஏமாந்த கதைதான். விற்றவர் யார் என்று சொல்லப் போவதில்லை. அவர் செய்த வேலையைச் சொன்னாலே போதும், அதையே செய்கிறவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது காரைக் கழுவித் துடைத்து, இன்ஜினையும் ஓடவிட்டு வைத்திருந்தார். "நீங்க வர்றீங்கன்னு ரெடி பண்ணி வெச்சேன் சார்" என்றார். பானெட்டைத் தொட்டபோது நல்ல சூடு. எவ்வளவு அக்கறையான மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பார்க்காமல் ஒன்றும் வாங்கவில்லை. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தேன் (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்). பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம் ஓடோமீட்டர் கணக்கோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்தேன். ஆயில் மூடியைத் திறந்து, உள்ளே மோர் மாதிரி ஏதாவது படிந்திருக்கிறதா (ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படி ஆகும்) என்றுகூடப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இத்தனையும் பார்த்த பெருமையிலேயே பாதிக் கவனம் போய்விட்டது.

பிறகு இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டுக்கு வரவே இல்லை, கீழேயே கிடந்தது. "பார்த்தீங்களா, எவ்வளவு கூலா ஓடுது!" என்றார். நானும் தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. நன்றாக இருக்கும் இன்ஜின் அவ்வளவு குளிர்ச்சியாக ஓடாது, ஓடவும் கூடாது.

வாங்கிய மூன்றாம் நாள் காலை ஸ்டார்ட் செய்ததும் வண்டி பத்து விநாடி நடுங்கியது. பின்னால் வெள்ளைப் புகை. காலைக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஐந்தாம் நாள் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழைகளைப் படிக்கும் இடம்) செருகும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். பி0128 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டியது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் தண்ணீர்), தெர்மோஸ்டாட் வைத்துக் காக்க வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

மெக்கானிக் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைக் கழற்றினார். உள்ளே காலி! தெர்மோஸ்டாட்டே இல்லை.

அது ஒரு சின்ன வால்வு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும், பெரும்பாலான வண்டிகளில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும். அதைக் கழற்றிவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியே சுற்றிக்கொண்டே இருக்கும். ஓவர் ஹீட் ஆகும் வண்டிகூடச் சின்ன ஓட்டத்தில் சமர்த்தாக இருக்கும். அதாவது ஒரு டெஸ்ட் டிரைவுக்குப் போதுமான சமர்த்து.

அப்படியானால் வாங்கும்போது விளக்கு ஏன் எரியவில்லை? அழித்திருக்கிறார்கள். நான் வாங்கியது போன்ற ஸ்கேனரே போதும், ஒரு பட்டனை அழுத்தினால் அந்தக் குறியீடு போய்விடும். ஆனால் குறியீட்டை அழிக்கும்போது வண்டி தனக்குத் தானே செய்து வைத்திருக்கும் சோதனைகளின் முடிவும் சேர்ந்து அழிந்துவிடும். ஸ்கேனரில் 'ரெடினெஸ் மானிட்டர்' என்ற பகுதியைத் திறந்தால் பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டும். அவை முடிய, பல நாள் பலவிதமாக ஓட்ட வேண்டியிருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி ஆகலாம் என்பதால் அதை வைத்து மட்டும் யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏன் என்று கேட்கலாம். நான் ஸ்கேனரை வாங்கியதே காரை வாங்கிய பிறகுதான்.

புதுத் தெர்மோஸ்டாட் போட்ட மறுநாள் ஒரு மேட்டில் ஏறும்போது முள் சிவப்புக்குப் போனது. ஓரம் கட்டிப் பார்த்தால் ரிசர்வ் டேங்கில் உலை கொதிப்பது போலக் குமிழ்கள்.

அதன் பிறகு நடந்ததற்கு விற்றவரை மட்டும் குறை சொல்ல முடியாது. முதல் மெக்கானிக் "ரேடியேட்டர் அடைப்பு" என்றார், மாற்றினோம். இறக்கிய கூலன்ட்டில் பழுப்பு நிறத்தில் சேறு போல ஏதோ இருந்தது, "துரு" என்றார். மறுபடியும் கொதித்தது. "அப்போ வாட்டர் பம்ப்தான்" என்றார். அதையும் மாற்றினோம். அதற்குப் பிறகும் கொதித்தது. சோதனை செய்து பார்க்க வேண்டியதை என் காசில் பாகம் பாகமாக வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இரண்டாவதாகப் பார்த்த பெரியவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தார், அதில் நீல நிறத் திரவம். இன்ஜினை ஓடவிட்டு, மேலே வரும் காற்றை அதன் வழியே இழுத்தார். சில நிமிடத்தில் நீலம் மஞ்சளானது. "சிலிண்டர்ல இருந்து புகை தண்ணிக்குள்ள வருது தம்பி. ஹெட் கேஸ்கட் போயிருக்கு" என்றார். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு அது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பார்த்தால் ஓரத்து இரண்டு சிலிண்டரும் 170 பிஎஸ்ஐ பக்கம், நடுவில் அடுத்தடுத்த இரண்டும் 100-ஐத் தாண்டவில்லை. பழுப்புச் சேறு துரு இல்லை என்றும் அவர்தான் சொன்னார். ஒழுக்கை அடைக்க ஊற்றும் ஸ்டாப் லீக் மருந்து அது. மூன்றாம் நாள் காலை பார்த்த நடுக்கத்துக்கும் புகைக்கும் காரணம் இதுதான். இரவில் சிலிண்டருக்குள் கசிந்த கூலன்ட் காலையில் ஆவியாகிப் போயிருக்கிறது. இன்ஜினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் வாங்க வருகிறவனுக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

ஹெட்டைக் கழற்றி நேர்விளிம்பு வைத்துப் பார்த்தார்கள். வளைவு 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம், இதில் அதைப்போல நான்கு மடங்கு. ஃபேசிங் (வளைந்த பரப்பைச் சீவி மட்டமாக்குவது), புதுக் கேஸ்கட், ஒருமுறை முறுக்கினால் திரும்பப் பயன்படுத்தக் கூடாத ஹெட் போல்ட்டுகள், திறந்ததே திறந்தோம் என்று டைமிங் பெல்ட், மூன்று வாரக் காத்திருப்பு. வீணாய்ப் போட்ட ரேடியேட்டரையும் பம்பையும் சேர்த்தால் கார் விலையில் கிட்டத்தட்ட பாதி.

விற்றவருக்குப் போன் போட்டேன். "நீங்களே ஓட்டிப் பார்த்துத்தானே சார் எடுத்தீங்க?" என்றார். கையெழுத்துப் போட்ட தாளில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி இருந்தது. அதை நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

நீங்கள் போகும்போது, நான் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அப்படியும் பானெட் சூடாக இருந்தால், முழுக்க ஆறும்வரை அங்கேயே காத்திருங்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட்டின் நிறத்தைப் பாருங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அந்த நீல திரவச் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியை நான் அன்றைக்கு மிச்சம் பிடித்தேன்.

இன்ஜின் இப்போது நன்றாக ஓடுகிறது, முள் நடுவில் நிற்கிறது. ஹீட்டரில் மட்டும் இன்னும் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. அந்தப் பழுப்புச் சேறு உள்ளே போய் அடைத்துக்கொண்டதாம். எடுக்க வேண்டுமென்றால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டுமாம். போர்வை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன்.