அம்மாவின் இம்ப்ளான்ட்: அவசரப்படுத்தாத பல் மருத்துவமனை

அம்மாவுக்கு வயது 74. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர், வைத்தோம். பல் இப்போது உறுதியாக இருக்கிறது. ஆனால் நான் பாராட்ட நினைப்பது அந்தப் பல்லை அல்ல, அதை எப்போது வைப்பது என்று அந்தப் பல் மருத்துவமனையில் முடிவு செய்த விதத்தை.

முதலில் பார்த்த வேறொரு இடத்தில், பல்லை எடுத்த அன்றே இம்ப்ளான்ட்டையும் வைத்துவிடலாம் என்றார்கள். அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே மாத்திரைப் பட்டியலைக் கேட்டார்கள். எலும்புத் தேய்மானத்துக்காக அம்மா பல வருடங்களாக அலெண்ட்ரோனேட் எடுக்கிறார். அந்த வகை மருந்து எடுப்பவர்களில் மிகச் சிலருக்கு, பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். மாத்திரையில் அந்த ஆபத்து குறைவு, புற்றுநோய்க்காக நரம்பில் ஏற்றும் ஊசிகளில் அதிகம் என்று மருத்துவர் விளக்கினார். மருந்து எழுதிக் கொடுத்தவரிடம் பேசிய பிறகுதான் தேதி குறித்தார். ஆஸ்பிரினையும் நாமாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். சர்க்கரை அளவுக்கு எச்பிஏ1சி பரிசோதனையும் எடுத்தார்கள். வயது ஒரு தடையே இல்லை, உடம்பு எப்படி ஆறும் என்பதுதான் கணக்கு என்றார். அம்மாவின் முகம் தெளிந்தது அப்போதுதான்.

அன்றே வைக்காததற்கும் காரணம் சொன்னார். வேரின் அடியில் சீழ் இருந்தது, கடைவாய்ப் பல்லின் குழியும் அகலம். அதனால் ஈறு மூடி, எலும்பு ஓரளவு நிரம்பும்வரை மூன்று நான்கு மாதம் பொறுக்கலாம் என்றார். சரி, இன்னும் தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்டேன். பல் போன இடத்தில் எலும்பின் அகலம் முதல் வருடத்திலேயே ஏறக்குறைய பாதி குறைந்துவிடுமாம், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. ரொம்பத் தாமதித்தால் எலும்பு வைத்துத் தைக்க வேண்டி வரலாம். வயதானவர்களுக்கு அது இன்னொரு அறுவை சிகிச்சை. தாடையை முப்பரிமாணத்தில் படமெடுக்கும் சிபிசிடி ஸ்கேனைத் திரையில் காட்டி, எலும்பு எவ்வளவு இருக்கிறது, நரம்பு எங்கே ஓடுகிறது என்று அம்மாவுக்கே புரிய வைத்தார். வைத்த பிறகு, இம்ப்ளான்ட்டோடு எலும்பு ஒட்டிக்கொள்ள இன்னும் மூன்று மாதம் விட்டுத்தான் மேலே பல் பொருத்தினார்கள்.

குறைகளும் உண்டு. இடைக்காலத்துக்குக் கொடுத்த கழற்றி மாட்டும் பல் ஈற்றைப் புண்ணாக்கியது. போன் செய்தால் எடுக்க ஆளில்லை, நேரில் போய்த்தான் சரி செய்தோம். நாற்காலியில் நீண்ட நேரம் சாய்ந்திருந்ததில் அம்மாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நடுவில் ஒருமுறை எழுந்து உட்கார வைத்திருக்கலாம். இம்ப்ளான்ட்டைச் சுற்றிச் சுத்தம் செய்யும் முறையைப் பொடி எழுத்தில் அச்சடித்துத் தருகிறார்கள். அம்மாவால் அதைப் படிக்க முடியவில்லை. நான் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடி பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.