வீக்கெண்ட் ட்ரிப்புக்கு நைட் பஸ்ஸா, சீப் ஃப்ளைட்டா?

வெளிநாட்டுல புதுசா டீச்சரா சேர்ந்தவங்க நிறைய பேர் இதான் கேக்குறாங்க.

செலவு: ஃப்ளைட் டிக்கெட் கம்மியா தெரியும், லக்கேஜ் காசு, ஏர்போர்ட் டாக்ஸி சேர்த்தா தெரியும் சங்கதி. பஸ்ல ஒரு நைட் ரூம் வாடகை மிச்சம்.

நேரம்: ஒரு மணி நேர ஃப்ளைட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கணும். பஸ் பெரும்பாலும் ஊருக்குள்ளயே இறக்கி விட்டுரும்.

உடம்பு: இதுல பஸ் தோத்துரும். நானே ஒருதடவ பஸ்ஸ விட்டு இறங்கி நேரா ஃபர்ஸ்ட் பீரியட் போயி, போர்டுல ஞாயித்துக்கிழமைன்னு எழுதிட்டேன், பசங்க ஒரே சிரிப்பு, திருத்த கொண்டுபோன பேப்பர் கட்டு வேற பிரிக்காமலே திரும்பி வந்துச்சு.

ரெண்டு நாள் லீவு, அஞ்சாறு மணி நேர தூரம்னா பஸ். திங்களும் லீவுன்னா ஃப்ளைட், ஆனா சிங்கிள் என்ட்ரி விசா (ஒரே ஒரு தடவ மட்டும் உள்ள வரலாம்) வச்சுக்கிட்டு பக்கத்து நாட்டுக்கு புக் பண்ணிராதீங்க, வேலை பாக்குற நாட்டுக்குள்ள அதே விசாவுல திரும்பி வர முடியாது.